சம்மதம் தந்த வீடு: பீட்டர் கோல்விட்ஸ் வளர்ந்த குடும்பம்

1914 அக்டோபர் 22ஆம் தேதி இரவு, பெல்ஜியத்தின் டிக்ஸ்முய்ட நகருக்கு அருகில் பீட்டர் கோல்விட்ஸ் என்ற ஜெர்மன் படைவீரன் போரில் இறந்தான். அவனுக்கு 18 வயது. பெர்லினிலிருந்து போர்முனைக்குப் புறப்பட்டு ஏறக்குறையப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனி இழந்த ஏறத்தாழ 20 இலட்சம் வீரர்களில் அவனும் ஒருவன். களத்தில் அவன் சாதித்ததாகச் சொல்ல எதுவும் இல்லை. சாதிப்பதற்கு அவனுக்கு நாளும் வாய்க்கவில்லை. ஆனாலும் நூறாண்டு கடந்தும் அவனுடைய கல்லறையைத் தேடி மக்கள் போகிறார்கள். அவன் தாய் கேத்தே கோல்விட்ஸ் செதுக்குவித்து வைத்த இரண்டு கருங்கல் சிலைகள் அங்கே இருக்கின்றன.

கேத்தே கோல்விட்ஸை உலகம் சமாதானத்தின் ஓவியராக அறியும். போர் இனி ஒருபோதும் வேண்டாம் என்று கையை உயர்த்தி முழங்கும் இளைஞனை அவர் 1924இல் ஒரு சுவரொட்டிக்காக வரைந்தார். அந்தப் படம் இன்றும் போர் எதிர்ப்பு ஊர்வலங்களில் ஏந்திச் செல்லப்படுகிறது. அப்படிப்பட்டவரின் மகனைக் கட்டாயமாகப் படைக்கு இழுத்துச் சென்றிருப்பார்கள் என்றே நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. பீட்டர் தானாக முன்வந்து படையில் சேர்ந்தான். தந்தை மறுத்தார். மறுத்த தந்தையிடம் மகனுக்காகப் பேசி அவரை இசைய வைத்தவர் கேத்தே.

படைத்தளபதிகளோ பெருநிலக்கிழார்களோ இல்லாத குடும்பம் அது. அரசுத் திருச்சபையை எதிர்த்தவர்களும், அரசு வேலையை வேண்டாமென்று தள்ளியவர்களும், சோசலிஸ்டுகளும், ஏழைகளின் மருத்துவருமாக அமைந்த வீடு. அங்கிருந்து ஒரு பிள்ளை எப்படிப் பேரரசர் கைசரின் போருக்குத் தன்னைத் தானே ஒப்புக்கொடுத்தான்? கேத்தே 1908 முதல் 1943 வரை எழுதிய நாட்குறிப்புகளும் தம் இளமையைப் பற்றி எழுதிவைத்த நினைவுக்குறிப்புகளும் இந்தக் கேள்வியை ஆராய இடம் தருகின்றன. அவற்றைப் படிக்கும்போது எனக்குப் புலப்படுவது இதுதான்: இந்தக் குடும்பம் போரை வழிபட்டதால் மகனை இழக்கவில்லை. மனச்சாட்சி, கடமை, ஈகம் என்று எவற்றை மூன்று தலைமுறையாகப் போற்றி வந்ததோ, அவையே 1914 ஆகஸ்டில் மறுப்புச் சொல்லும் வலுவை அந்த வீட்டிடமிருந்து பறித்துக்கொண்டன.

கொள்ளுத்தாத்தாவின் சபை

குடும்பத்தின் வேர் கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் இருக்கிறது. இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராட். தத்துவஞானி கான்ட் வாழ்ந்து மறைந்த ஊர். கேத்தேயின் தாய்வழித் தாத்தா யூலியுஸ் ருப் (1809–1884) அங்கே படைப்பிரிவின் மதகுருவாக இருந்தவர். பீட்டருக்கு அவர் கொள்ளுத்தாத்தா. மதநம்பிக்கையை அரசு கட்டளையிட முடியாது, மனிதனுடைய மனச்சாட்சியே அதற்கு நீதிபதி என்று வெளிப்படையாகப் பேசியதால் 1845இல் அவர் பதவியிழந்தார். மறு ஆண்டு, அரசுத் திருச்சபைக்கு வெளியே ஒரு சுதந்திரச் சபையைத் தொடங்கினார். அரசு அந்தச் சபைக்குப் பல ஆண்டு தொல்லை கொடுத்தது. அவர் அசையவில்லை.

பீட்டரின் கதையில் மிகவும் கனமான ஒரு செய்தி இங்கே இருக்கிறது. 1850இல் கோனிக்ஸ்பெர்க்கில் ஓர் அமைதிச் சங்கம் உருவானது. ஜெர்மன் மண்ணில் அத்தகைய சங்கங்களில் அதுவே முதலாவது என்பார்கள். அதை உருவாக்கியவர்களில் ருப் முன்னிலையில் இருந்தார். அடுத்த ஆண்டே அரசு அதைக் கலைத்தது. போர் என்பது நாகரிகத்துக்கு ஒவ்வாதது என்று சங்கம் கூட்டியவரின் கொள்ளுப்பேரன் 64 ஆண்டுகளுக்குப் பின் பிரஷ்யாவின் படைச்சீருடையில் இறந்துகிடந்தான்.

ருப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச்சென்றது அமைதிக் கொள்கையை மட்டுமல்ல. அறிந்த உண்மையின்படி வாழாதவன் உண்மைக்கே பகைவன் என்பது அவர் போதனையின் சாரம். மனிதனுக்குக் கிடைத்த திறமை அவனுடைய உடைமையாகாது, நிறைவேற்றவேண்டிய பொறுப்பாகும் என்பதும் அவர் கற்பித்ததே. கேத்தே இந்த இரண்டையும் வாழ்நாள் முழுவதும் பற்றியிருந்தார். ருப்பின் நூற்றாண்டான 1909இல் கோனிக்ஸ்பெர்க்கில் எழுந்த நினைவுக்கல்லுக்குத் தாத்தாவின் முகத்தைப் புடைப்புச் சிற்பமாகச் செய்து கொடுத்தவரும் கேத்தேதான். எதை நம்புகிறோம் என்பதைவிட, நம்பியதற்காக எதை இழக்கத் தயார் என்பதைக் கொண்டு மனிதரை அளக்கும் வழக்கம் இந்த வீட்டில் அவரிடமிருந்து தொடங்கியது.

தாத்தாவும் தடுப்பரண்களும்

ருப்பின் மகள் கத்தரீனாவை மணந்த கார்ல் ஷ்மிட் சட்டம் படித்தவர். 1848 புரட்சியின் மக்களாட்சிக் கருத்துகளில் ஊறிய தம்மைப் போன்றவருக்குப் பிரஷ்ய அரசுப் பணியில் இடமில்லை என்று கண்டு, கொத்து வேலை கற்றுக்கொண்டு கட்டடக்காரரானார். பின்னாளில் மாமனாரின் சபைக்குப் போதகராகவும் பொறுப்பேற்றார். மகளின் கையில் ஓவியத் திறமை இருப்பதைக் கண்டதும், பெண்களை ஓவியக் கல்விக்கழகங்கள் சேர்த்துக்கொள்ளாத அந்தக் காலத்தில், தனி ஆசிரியர் வைத்துக் கற்பித்தார்; பெர்லினிலும் மியூனிக்கிலும் இருந்த பெண்களுக்கான ஓவியப் பள்ளிகளுக்கு அனுப்பினார்.

மாலை வேளைகளில் அவர் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். 1848இல் தெருச் சண்டையில் மாண்டவர்கள் உயிரோடிருப்பவர்களைப் பார்த்துப் பேசுவதுபோல் ஃபிரைலிக்ராத் எழுதிய கவிதையை அவர் படித்தது சிறுமி கேத்தேயின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. தெருவில் தடுப்பரண் எழுப்பித் தந்தையும் அண்ணனும் போரிடுவதாகவும், தான் அவர்களுக்குத் துப்பாக்கியில் குண்டு நிரப்பிக் கொடுப்பதாகவும் சிறுவயதில் கனவு கண்டதை அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். போருக்கு எதிரான குடும்பம்தான். ஆனால் நியாயத்துக்காகச் சாவதை அந்தக் குடும்பம் உயர்ந்ததென்று கருதியது. துப்பாக்கியும் சாவும் அதன் கற்பனையில் அந்நியமானவை அல்ல. யாருக்காக என்பதே அதற்கு முக்கியம்.

அண்ணன் கொன்ராட் ஷ்மிட் அந்தக் கனவைக் கோட்பாட்டு வழியில் கொண்டுசென்றார். பொருளியல் அறிஞர், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர், ஃபிரெடரிக் எங்கெல்ஸோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். வரலாற்றுப் பொருள்முதல்வாதம் பற்றி எங்கெல்ஸ் 1890இல் அவருக்கு எழுதிய கடிதங்களை மார்க்சியம் பயில்வோர் இன்றும் படிக்கிறார்கள். பீட்டருக்கு அவர் தாய்மாமன்.

தாய் கத்தரீனாவிடமிருந்து கேத்தே பெற்றது வேறொன்று. கத்தரீனாவுக்கு முதலில் பிறந்த இரு குழந்தைகள் இறந்துவிட்டன. கடைக்குட்டி பெஞ்சமினும் ஒரு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். அவர் வாய்விட்டு அழுததைப் பிள்ளைகள் கண்டதில்லை. துயரத்தை உள்ளேயே வைத்து நிமிர்ந்து நடமாடிய தாயை நினைத்து, அந்தத் தொலைவைக் கண்டு அஞ்சியதையும், அந்தத் தாங்கும் திறனை வியந்ததையும் கேத்தே எழுதியிருக்கிறார். இழப்பைச் சத்தமில்லாமல் சுமப்பதே பெண்ணின் பெருமை என்ற பாடத்தை அந்த வீடு வாயால் சொல்லாமலே கற்றுக்கொடுத்துவிட்டது.

வைசன்பூர்கர் தெரு 25

கேத்தே 1891 ஜூனில் அண்ணனின் பள்ளித் தோழர் கார்ல் கோல்விட்ஸை மணந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து வளர்ந்தவர் கார்ல், சோசலிஸ்டு, மருத்துவம் படித்தவர். தையல் தொழிலாளர்களின் நோய்க் காப்பீட்டு நிதியத்துக்கு மருத்துவராகப் பெர்லினில் வேலை கிடைத்தது. நகரின் வடக்கே, தொழிலாளர் நெருக்கமாக வாழ்ந்த பிரென்ஸ்லாவர் பெர்க் பகுதியில், வைசன்பூர்கர் தெரு 25ஆம் எண் வீட்டில் குடியேறினார்கள். அரை நூற்றாண்டு அவர்கள் அந்த வீட்டைவிட்டு மாறவில்லை.

அந்தத் தெருவின் பெயரே ஒரு போரின் பெயர்தான். 1870இல் பிரஷ்யா பிரான்சை வென்ற வைசன்பூர்க் போரின் நினைவாக இடப்பட்டது. பக்கத்துத் தெருக்களுக்கும் வோர்த், மெட்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க், பெல்ஃபோர்ட் என்று அதே போரின் களங்களும் முற்றுகைகளுமே பெயராயின. அங்கே வளர்ந்த பிள்ளைகள் முகவரி எழுதப் பழகியபோதே வெற்றிக் களங்களின் பெயரை எழுதிப் பழகினார்கள். அரசு தன் போர்களை மக்களின் அன்றாட வாழ்வில் ஊன்றிய விதம் இது. வீட்டுக்குள் எந்தக் கொள்கை இருந்தாலும் வாசலைத் தாண்டினால் பேரரசின் பாடம் காத்திருந்தது.

வீட்டுக்குள் காட்சி வேறாக இருந்தது. கார்லின் சிகிச்சை அறைக்கு வரும் பெண்கள் நோயோடு சேர்த்துத் தங்கள் பாடுகளையும் கேத்தேயிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்: குடிகாரக் கணவன், போன வேலை, வயிற்றில் மறுபடி ஒரு பிள்ளை. அந்த முகங்கள்தான் அவருடைய படங்களில் வந்தன. மூத்தவன் ஹன்ஸ் 1892இல் பிறந்தான். பீட்டர் 1896 பிப்ரவரி 6இல் பிறந்தான். அப்போது கேத்தே நெசவாளர் எழுச்சி பற்றிய ஆறு படங்கள் கொண்ட வரிசையில் உழைத்துக்கொண்டிருந்தார். 1898இல் அது கண்காட்சிக்கு வந்தபோது தங்கப் பதக்கத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இரண்டாம் வில்ஹெல்ம் கைசர் அதை ஏற்க மறுத்துவிட்டார். அடுத்து வந்தது 16ஆம் நூற்றாண்டு உழவர் போர் பற்றிய வரிசை. அரிவாளைத் தீட்டும் பெண், கையை உயர்த்திக் கூட்டத்தைத் தாக்குதலுக்கு ஏவும் பெண், இரவில் களத்தில் விளக்கோடு மகனின் பிணத்தைத் தேடும் தாய் என்று அந்த வரிசை விரிகிறது. பீட்டர் ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை இந்தப் படங்கள் உருவாகும் வீட்டில் ஓடியாடினான்.

அவனும் படமானான். 1903இல் கேத்தே செய்த ‘இறந்த குழந்தையோடு பெண்’ என்ற செதுக்கோவியத்தில் தாயின் மடியில் கிடக்கும் உடல் பீட்டருடையது. ஏழு வயதுப் பையனை ஒரு கையால் தாங்கிக் கண்ணாடியில் பார்த்து வரைந்தபோது பாரம் தாங்காமல் தாய் முனக, படம் நன்றாக வரும் என்று பிள்ளை அவருக்குத் தேறுதல் சொன்னானாம். தாயின் பணிக்குத் தன் உடலைக் கொடுத்து உதவுவதும், அந்தப் பணி தன் அசௌகரியத்தைவிடப் பெரியது என்று உணர்வதும் அவனுக்கு இயல்பாகவே வந்திருக்கின்றன. ஒரு நோக்கத்துக்காகத் தன்னைத் தரும் பிள்ளையை அந்த வீடு அன்போடு, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், வளர்த்துக்கொண்டிருந்தது.

பதினெட்டு வயதின் உலகம்

பீட்டர் படிப்பில் சிறந்தவன் அல்லன். பள்ளியைவிட்டு ஓவியம் கற்கப் போனான். அவனை ஈர்த்தது அன்றைய ஜெர்மன் இளைஞர் இயக்கம். பெருநகரத்தின் புகையும் பெற்றோர் தலைமுறையின் பாசாங்கும் வேண்டாமென்று, முதுகில் மூட்டையும் கையில் கித்தாருமாகக் காடுமலைகளில் நடந்து திரிந்த வாண்டர்ஃபோகல் குழுக்கள் அவை. 1913 அக்டோபரில் இந்த இயக்கங்கள் மைஸ்னர் மலையில் பெருங்கூட்டமாகக் கூடின. சொந்தப் பொறுப்பில், உள்ளத்தின் உண்மைக்கு ஏற்பத் தம் வாழ்வைத் தாமே அமைத்துக்கொள்வது என்று அங்கே உறுதியேற்றன.

அந்த உறுதிமொழியை ருப்பின் போதனைக்கு அருகில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கொள்ளுத்தாத்தாவின் சபையில் மனச்சாட்சி என்று போற்றப்பட்டதே கொள்ளுப்பேரனின் தலைமுறை முகாமில் உள்ளத்தின் உண்மையாகத் திரும்பி வந்தது. ஆனால் ருப்பின் மனச்சாட்சிக்கு எதிரே அரசு என்ற தெளிவான எதிரி நின்றது. இளைஞர்களின் உள்ள உண்மைக்கு அப்படி ஓர் எல்லைக்கோடு இல்லை. உள்ளம் தீவிரமாக உணர்வதெல்லாம் உண்மை என்றாகிவிட்டால், நாடே திரண்டு உணர்ச்சிவயப்படும் ஒரு வாரத்தில் அந்த உள்ளம் எதை உணரும்?

அந்த வாரம் 1914 ஆகஸ்டில் வந்தது. பீட்டர் அப்போது நண்பர்களோடு நார்வேயில் நடைப்பயணத்தில் இருந்தான். போர்ச் செய்தி கேட்டு ஊர் திரும்பினார்கள். ஆகஸ்ட் 4 அன்று நாடாளுமன்றத்தில் சமூக ஜனநாயகக் கட்சி போர்க்கடனுக்கு ஆதரவாக வாக்களித்தது. தலைமுறையாக இந்தக் குடும்பம் நம்பியிருந்த கட்சி, கொன்ராட்டின் கட்சி, கார்லின் கட்சி அது. ரஷ்யாவின் ஜார் ஆட்சியிடமிருந்து நாட்டைக் காக்கும் தற்காப்புப் போர் இது என்று கட்சியே சொன்னபிறகு, கைசரின் போருக்கும் மக்களின் போருக்கும் இடையே இருந்த சுவர் விழுந்தது. 1848இன் தடுப்பரணில் நிற்க ஆசைப்பட்ட குடும்பத்தின் பிள்ளைக்கு, தன் தலைமுறையின் தடுப்பரண் இதுதான் என்று தோன்றியதில் வியப்பில்லை.

ஆகஸ்ட் 10

படைக்கு அழைக்கப்படும் வயது அன்று 20. 21 வயது நிரம்பாதவர் தாமாகச் சேர விரும்பினால் தந்தையின் சம்மதம் வேண்டும். மூத்தவன் ஹன்ஸுக்கு 22 வயது; அவன் தானே முடிவு செய்து சேர்ந்துவிட்டான். பீட்டர் தந்தையிடம் கேட்டே ஆகவேண்டும். ஆகஸ்ட் 10 மாலை அவன் கேட்டான்.

அன்றைய நாட்குறிப்பில் கேத்தே இதைப் பதிவுசெய்திருக்கிறார். கார்ல் தம்மால் முடிந்த எல்லா வாதங்களையும் வைத்தார். நாட்டுக்கு உன் தேவை வந்திருந்தால் அதுவே கூப்பிட்டிருக்கும் என்றார். என் வயதுக்காரர்கள் எல்லாரும் இன்னும் தேவைப்படவில்லை, ஆனால் நான் தேவைப்படுகிறேன் என்று பீட்டர் தணிந்த குரலில், உறுதியாகச் சொன்னான். பேசிக்கொண்டே தாயின் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். தன்னைக் கோழையென்று நினைக்க வேண்டாம், தேவைப்பட்டால் தாங்களும் தயார் என்று அம்மா முன்பு சொன்னதை நினைவுபடுத்தினான். கேத்தே எழுந்தார். பீட்டரும் பின்னால் எழுந்து வந்தான். வாசற்படி அருகே இருவரும் தழுவிக்கொண்டார்கள். பீட்டரை அனுப்பும்படி கேத்தே கணவரைக் கேட்டார். பிள்ளை தன்னை அந்த ஈகத்துக்குள் இழுத்ததாகவும், பிறகு தாங்கள் இருவரும் கார்லை இழுத்ததாகவும் அவரே எழுதிவைத்தார்.

அந்த அறையில் இருந்த மூவரும் குடும்பத்தின் மரபை மீறவில்லை. மூவருமே அதன்படிதான் நடந்தார்கள். நம்புகிறவன் நம்பியதற்காகத் தன்னைத் தரவேண்டும் என்ற ருப்பின் பாடத்தை மகன் சொன்னான். இழப்பை நிமிர்ந்து ஏற்கும் கத்தரீனாவின் பாடத்தைத் தாய் நிறைவேற்றினார். அடுத்தவரின் மனச்சாட்சியை அடக்கக்கூடாது என்பதும் இந்த வீட்டின் விதி; தந்தை அதற்குப் பணிந்தார். வேண்டாம் என்று கடைசிவரை சொல்ல ஓர் ஆதாரம் தேவைப்பட்டபோது கார்லுக்குக் கிடைத்தது பிள்ளையின் மேலுள்ள அச்சம் ஒன்றுதான். அந்த வீட்டின் மதிப்பீட்டில் அச்சத்துக்கு மரியாதை இல்லை. அவரை நியாயமானவர் என்று வரலாறு சொல்கிறது. அன்றைக்கு அவர் வாதத்தில் தோற்றவராக நின்றார்.

நம் புறத்திணை மரபில் மூதின்முல்லை என்ற துறை, மறக்குடியில் பிறந்த பெண்கள் தம் பிள்ளையைப் போருக்கு அனுப்பும் பெருமிதத்தைப் பேசுகிறது. வீரனின் குடும்பப் பின்னணி என்றாலே மூதாதையர் எத்தனை போர் கண்டார்கள் என்று தேடும் பழக்கம் நமக்கு அங்கிருந்தும் வருகிறது. கோல்விட்ஸ் குடும்பத்தில் தேடினால் அப்படி ஒரு போரும் கிடைக்காது. மறக்குடி அல்லாத குடியிலும் மறம் விளையும். அறத்தின் சொற்களே அதற்கு எருவாகலாம் என்பதை இந்தக் குடும்பம் காட்டுகிறது.

கேத்தேயின் உள்ளமும் அன்றே முழுமையாக அடங்கிவிடவில்லை. ஆகஸ்ட் 27 அன்று, பெண்கள் ஈகம் செய்வதில் காணும் இன்பத்தைப் புகழ்ந்து எழுதப்பட்ட ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் படித்துவிட்டு அவர் கலங்கினார். இத்தனை ஆண்டு கண்ணுக்குக் கண்ணாகக் காத்த பிள்ளைகளைப் பீரங்கிக்கு முன்னால் அனுப்பும் துணிச்சல் பெண்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று நாட்குறிப்பில் கேட்டார். சம்மதம் கொடுத்துப் பதினேழு நாள் கழித்துத்தான் அந்தக் கேள்வி அவருக்கு வந்தது.

ஈசர் ஆற்றங்கரை

பீட்டர் சேர்ந்த 207ஆம் ரிசர்வ் காலாட்படை, போர் தொடங்கியபின் அவசரமாக எழுப்பிய புதிய படைகளுள் ஒன்று. பயிற்சி ஏறத்தாழ இரண்டு மாதம். அதிகாரிகளில் பலர் ஓய்விலிருந்து திரும்ப அழைக்கப்பட்டவர்கள். அக்டோபர் நடுவில் இந்தப் படைகள் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸுக்கு அனுப்பப்பட்டன. பெல்ஜியப் படை ஈசர் ஆற்றின் பின்னே நின்று எதிர்த்தது. அந்த மாத இறுதியில் நியூபோர்ட்டின் மதகுகளைத் திறந்து கடல்நீரைத் தாழ்நிலத்துக்குள் விட்டு ஜெர்மானியரை அது தடுத்துவிட்டது. பீட்டர் அதற்கு ஒரு வாரம் முன்பே இறந்துவிட்டான்.

அக்டோபர் 30 அன்று செய்தி வந்தது. கேத்தேயின் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு ஒரே வரிதான் இருக்கிறது. மகன் வீழ்ந்தான் என்ற அறிவிப்பு.

இரண்டு வாரத்துக்குள் அரசு தன் விளக்கத்தைத் தந்தது. நவம்பர் 11 அன்று வெளியான படைத்தலைமை அறிக்கை, லாங்கமார்க் அருகே இளம் படையினர் தேசப்பாடல் பாடிக்கொண்டே எதிரியின் வரிசையைப் பிடித்ததாகச் சொன்னது. பாடிக்கொண்டே செத்த மாணவர்கள் என்ற கதை அதிலிருந்து வளர்ந்து, பின்னர் நாஜிகள் காலம்வரை பள்ளிகளில் ஓதப்பட்டது. உண்மையில் அந்தப் படைகளில் பெரும்பாலோர் மாணவர்கள் அல்லர். பயிற்சி போதாத மனிதர்களை இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே ஓடவிட்ட தோல்வியை மறைக்க எழுந்த கதை அது. மகனை இழந்த வீடுகளுக்கு அந்தக் கதை ஓர் ஆறுதலை நீட்டியது. அதை வாங்கிக்கொள்வதா, மறுப்பதா என்று தீர்மானிக்கக் கேத்தேக்கு நான்கு ஆண்டு ஆனது.

திருத்தி எழுதிய துயரம்

முதலில் அவர் அதை வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்லவேண்டும். 1914 டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நினைவுச் சின்னத்துக்குத் திட்டமிட்டார். பெர்லினுக்கு வெளியே ஹாஃபல் ஆற்றை நோக்கிய மேட்டில், நீட்டிப் படுத்த பீட்டரின் உடல். தலைமாட்டில் தந்தை, கால்மாட்டில் தாய். தாமாக முன்வந்து உயிர்தந்த இளைஞர்கள் அனைவரின் ஈகத்தையும் போற்றும் சின்னமாக அதை நினைத்தார். பீட்டர் எதற்காக இறந்தானோ அந்த நோக்கத்தைச் சந்தேகிப்பது அவனையே கைவிடுவதாகும் என்ற அச்சம் அவரைக் கட்டிப்போட்டிருந்தது. இறந்தவனுக்கு விசுவாசமாக இருக்க வேண்டுமானால் அவன் நம்பியதையும் நம்ப வேண்டும் என்ற இந்தச் சிக்கலில்தான் போரில் பிள்ளையை இழந்த குடும்பங்கள் பல நாடுகளிலும் சிக்குகின்றன. அரசுகளுக்கு அது வசதியாகவும் இருக்கிறது.

நார்வேயில் சேர்ந்து நடந்த நண்பர்கள் ஒவ்வொருவராக மடிந்தார்கள். 1916 அக்டோபர் நாட்குறிப்பில் கேத்தே முதல்முறையாகக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். இங்கிலாந்து, ரஷ்யா, பிரான்சு நாட்டு இளைஞர்களும் இதே தூய மனத்தோடுதானே தங்கள் நாட்டுக்காகப் போனார்கள். அப்படியானால் எல்லா இளைஞர்களும் ஏமாற்றப்பட்டார்களா, அவர்களுடைய ஈகத் துடிப்பைப் பயன்படுத்தித்தான் இந்தப் போர் நடக்கிறதா என்று கேட்டார். பீட்டரின் தூய்மையை மறுக்காமலே அவனை அனுப்பிய போரை மறுக்கும் வழி அங்கே திறந்தது.

1918 அக்டோபரில் தோல்வி உறுதியானபின், கவிஞர் ரிச்சர்ட் டேமல் கடைசி ஆள்வரை முன்வர வேண்டும் என்று வேண்டுகோள் வெளியிட்டார். அந்த மாத இறுதியில் சமூக ஜனநாயகக் கட்சியின் ஃபோர்வெர்ட்ஸ் நாளிதழில் கேத்தே பகிரங்கமாக மறுத்து எழுதினார். விதைத் தானியத்தை அரைத்துவிடக் கூடாது என்ற கதேயின் கருத்தைச் சொல்லி அந்தக் கடிதத்தை முடித்தார். ஆகஸ்ட் 10 மாலை வாசற்படியில் சொன்ன சம்மதத்தை நாடறியச் சொல்லித் திரும்பப் பெற்றது அந்தக் கடிதம்.

பின்வந்த படைப்புகள் அந்தத் திருத்தத்தின் தொடர்ச்சி. 1920களின் தொடக்கத்தில் அவர் செய்த போர் பற்றிய ஏழு மரச்செதுக்குப் படங்களில் முதலாவது ‘பலி’: ஆடையற்ற ஒரு தாய் குழந்தையைக் கையில் ஏந்தி முன்னே நீட்டுகிறாள். இரண்டாவது ‘தன்னார்வ வீரர்கள்’: முரசடித்துச் செல்லும் மரணத்தின் பின்னே இளைஞர்கள் மெய்மறந்து போகிறார்கள், மரணத்துக்கு மிக அருகில் பீட்டர். எதிரி எந்தப் படத்திலும் இல்லை, பீரங்கியும் இல்லை. கொடுத்தவர்களும் போனவர்களும் எஞ்சியவர்களும் மட்டுமே இருக்கிறார்கள். போரைக் குடும்பத்துக்குள் நடந்த ஒன்றாகவே அவர் வரைந்தார்.

நினைவுச் சின்னமும் மாறியது. 1919இல் கைவிட்ட வேலையைச் சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் எடுத்தார். 1926இல் கார்லோடு, மகன் புதைக்கப்பட்ட ரொக்கஃபெல்ட இடுகாட்டுக்குப் போய் மகனின் சிலுவையைப் பார்த்தார். மகனின் உருவம் திட்டத்திலிருந்து நீங்கியது. தந்தையும் தாயும் எஞ்சினார்கள். 1932 ஜூலையில் சிலைகள் அந்த இடுகாட்டில் நிறுவப்பட்டன. இருவரும் மண்டியிட்டிருக்கிறார்கள், ஆனால் ஒருவரையொருவர் தொடவில்லை. தனித்தனிப் பீடத்தில் இருக்கிறார்கள். தந்தை கைகளை மார்போடு இறுக்கிக்கொண்டு நிமிர்ந்திருக்கிறார். தாய் குனிந்திருக்கிறார். முகங்கள் கார்லுடையதும் கேத்தேயுடையதும். வீரனுக்கு வைத்த சின்னமாகத் தொடங்கியது, அனுப்பியவர்களுக்கு வைத்த சின்னமாக முடிந்தது. 1950களில் கல்லறைகளோடு சிலைகளும் பக்கத்து விலாட்ஸ்லோவுக்கு மாற்றப்பட்டன. இன்று 25,600க்கும் மேற்பட்டோர் அங்கே புதைந்திருக்கிறார்கள். பீட்டரின் பெயர் உள்ள கல், தந்தை சிலையின் நேர் முன்னே இருக்கிறது.

இரண்டாவது பீட்டர்

ஹன்ஸ் போரிலிருந்து உயிரோடு திரும்பி மருத்துவரானார். 1921இல் பிறந்த மகனுக்குத் தம்பியின் பெயரையே வைத்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல், அவர்களுக்கு எதிரான கட்சிகள் ஒன்றுசேர வேண்டும் என்ற அறிக்கையில் கையெழுத்திட்டதற்காகக் கேத்தே பிரஷ்யக் கலைக் கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1936இல் நாஜிகளின் இரகசியக் காவல்படையான கெஸ்டாப்போ வீட்டுக்கே வந்து வதைமுகாமைச் சொல்லி மிரட்டியது. கார்ல் 1940 ஜூலையில் இறந்தார்.

1942இன் தொடக்கத்தில் கேத்தே தம் கடைசிக் கல்லச்சுப் படத்தைச் செய்தார். விதைத் தானியம் பற்றிய அதே வாக்கே அதன் தலைப்பு. வெளியே எட்டிப் பார்க்கும் மூன்று பையன்களைத் தன் கைகளுக்குள் அடக்கிப் பிடித்திருக்கும் முதியவள் அதில் இருக்கிறாள். பேரன் இறந்த துயரத்தில் இது பிறந்ததாகப் பலர் எழுதுவதுண்டு. காலவரிசை அப்படி இல்லை. படம் முடிந்து பல மாதம் கழித்து, 1942 செப்டம்பர் 22இல்தான் பேரன் பீட்டர் ரஷ்யப் போர்முனையில் இறந்தான். கேத்தே அந்தப் படத்தில் அழவில்லை, தடுக்கப் பார்த்தார். கட்டியணைத்த கைகளில் ஈகத்தின் சாயலே இல்லை. 1914இல் கார்லிடம் இருந்தும் மரியாதை பெறாமல் போன அந்த அச்சம், 28 ஆண்டு கழித்து அவர் மனைவியின் கையில் அறமாக உயர்ந்து நிற்கிறது.

ஆனாலும் பேரன் போனான். கட்டாயப் படைச்சேவை 1935இலேயே திரும்பி வந்துவிட்டிருந்தது. 21 வயதுப் பையனின் பெற்றோரிடம் சம்மதம் கேட்கும் தேவை அந்த அரசுக்கு இருக்கவில்லை. முதல் பீட்டரின் மரணத்திலிருந்து அந்த வீடு கற்றுக்கொள்ள வேண்டியதையெல்லாம் கற்றுக்கொண்டது. அந்தக் கல்வியால் இரண்டாவது பீட்டரைக் காப்பாற்ற முடியவில்லை. கேத்தே போர் முடிவதற்குச் சில நாள் முன்பு, 1945 ஏப்ரல் 22இல் இறந்தார்.

போரில் இறந்த ஒருவனின் குடும்பப் பின்னணியை ஆராயும்போது குலப்பெருமையையும் பரம்பரை வீரத்தையும் மட்டும் தேடுவது போதாது. அந்த வீட்டில் எந்த நற்குணங்கள் கேள்வியே இல்லாமல் உயர்ந்தவையாக இருந்தன, எந்த உணர்ச்சிக்குப் பேச இடமில்லாமல் இருந்தது, சம்மதம் கேட்கப்பட்டபோது யார் பேசினார்கள், யார் தோற்றார்கள் என்று கேட்கவேண்டும். கடமையும் ஈகமும் மனச்சாட்சியும் நல்லவைதான். அவற்றை இன்னார் இன்னதற்காகக் கேட்கிறார் என்று விசாரிக்கும் பழக்கம் கூடவே வளராவிட்டால், பிள்ளைகளை வேண்டும் அரசு அந்த நற்குணங்களைக் கொண்டே பிள்ளைகளைப் பெற்றுவிடும். ஆகவே பெற்றோர் விசாரிக்க வேண்டியது, சம்மதம் கேட்கும் கட்டாயம் அரசுக்கு இன்னும் இருக்கும்போதே. கேட்காமலே எடுத்துக்கொள்ளும் வலு அதற்கு வந்துவிட்டால், ஒரு வீட்டின் ஞானம் எவ்வளவு பெரிதாயினும் அதன் வாசலைத் தாண்டாது.